ஏ.எஸ்.எல். விளையாட்டில் மாற்றீட்டு விதியைப் படிப்பதும் சினாரியோவின் சமநிலையை எடைபோடுவதும்: முழுமையான வழிகாட்டி

ஒரு சினாரியோவை, அதாவது படைகளும் வெற்றி நிபந்தனையும் அட்டையில் குறிக்கப்பட்ட ஒரு தனிப் போர்ச் சூழலை, ஆடித் தோற்று முடித்தவுடன் நம்மில் பலர் சொல்வது, "இது சமநிலையே இல்லாத சினாரியோ" என்பதுதான். சில நேரம் அது உண்மை. ஆனால் பல மேசைகளில் சினாரியோ ஒழுங்காகத்தான் இருக்கிறது, மாற்றீட்டு விதியைத்தான் தவறாகக் கையாண்டிருக்கிறார்கள். அட்வான்ஸ்டு ஸ்குவாடு லீடர் (ஏ.எஸ்.எல்.) போன்ற விளையாட்டில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு பிரிவு எப்போது தரம் தாழ்ந்த பிரிவாக மாறும் என்ற விதிதான், நான்காம் சுற்றுக்குப் பிறகும் உங்களிடம் தாக்குவதற்குப் படை மிச்சமிருக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் சமநிலையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்வதற்கு முன் மாற்றீட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.எஸ்.எல். 1985இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட, இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பலகை விளையாட்டு. அதன் மூலம் ஜான் ஹில் வடிவமைத்து 1977இல் வந்த ஸ்குவாடு லீடர். அதை ஏ.எஸ்.எல். ஆக வளர்த்தவர் டான் கிரீன்வுட். இப்போது மல்டி-மேன் பப்ளிஷிங் நிறுவனம் வெளியிட்டு வருகிறது. பலகையில் ஒரு அறுகோணம் சுமார் 40 மீட்டர், ஒரு சுற்று சுமார் 2 நிமிடம். பத்துப் பேர் கொண்ட ஒரு ஸ்குவாடு (சிறு படைப்பிரிவு) ஒரு கவுன்ட்டர், அதாவது ஒரு சிறு அட்டைத் துண்டு. அதில் மூன்று எண்கள் இருக்கும்: சுடுதிறன், வீச்சு, மன உறுதி. 4-6-7 என்றால் சுடுதிறன் 4, வீச்சு 6 அறுகோணம், மன உறுதி 7. இரண்டு பகடைகள் உருட்ட வேண்டும், குறைவாக விழுந்தால் நல்லது.

முதல் படி: எது மாற்றீடு, எது மாற்றீடு இல்லை

கவுன்ட்டரை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் சந்தர்ப்பங்கள் பல உண்டு. எல்லாமே பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் விதிப்படி வேறு வேறு.

ஆள் இழப்பு என்பது ஸ்குவாடு அரை ஸ்குவாடாகக் குறைவது. அளவு குறைகிறது, தரம் அப்படியே இருக்கிறது. அரை ஸ்குவாடு ஆள் இழப்பு கண்டால் பலகையை விட்டே போய்விடும். நாமாகவே ஒரு ஸ்குவாடை இரண்டு அரை ஸ்குவாடுகளாகப் பிரிப்பது வேறு. அதில் எந்த இழப்பும் இல்லை. (சோவியத் படைக்கு அப்படிப் பிரிக்க அனுமதியும் இல்லை.) தர மாற்றீடு என்பது இவற்றிலிருந்து தனி: அளவு அப்படியே இருக்கும், தரம் ஒரு படி இறங்கும். ஈ.எல்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும், சினாரியோ அட்டையில் அச்சிட்ட அனுபவ மட்ட எண்தான் இதை முடுக்குகிறது. எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. பகடையில் 2 விழுந்து போர்க்களச் சூடு அட்டவணைக்குப் போனால், ஒரு பிரிவு ஒரு படி உயரவும் வாய்ப்பு இருக்கிறது.

இவற்றில் இரண்டு ஒரே உருட்டலில் சேர்ந்து வரலாம். அங்கேதான் வாக்குவாதம் தொடங்கும். அதைக் கீழே எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

இரண்டாம் படி: முடுக்கும் நிபந்தனையைச் சொல் சொல்லாகப் படித்தல்

விதியின் சாரம் இது. குலையாமல் நிற்கும், அதாவது இன்னும் சண்டையிடும் நிலையில் உள்ள, ஒரு பிரிவு மன உறுதிச் சோதனையில் தோற்று (பகடையின் இறுதி எண் அதன் மன உறுதியைத் தாண்டி), தோற்ற அளவு அதன் ஈ.எல்.ஆர். எண்ணைவிட அதிகமாக இருந்தால், அது குலைவதோடு ஒரு படி தாழ்ந்த பிரிவாகவும் மாற்றப்படும். இந்த ஒரு வாக்கியத்தை நான்கு கேள்விகளாக உடைத்துக்கொள்ளுங்கள்.

இது மன உறுதிச் சோதனைதானா? பணிச் சோதனையில் தோற்றால் மாற்றீடு இல்லை. குலைந்த பிரிவை மீண்டும் சண்டைக்குக் கொண்டுவரும் மீட்பு முயற்சியில் தோற்றாலும் பொதுவாக மாற்றீடு இல்லை. ஒரு விதிவிலக்கு மறக்கக் கூடாதது: சோவியத் அரசியல் ஆணையர், அதாவது கமிஸார். அவர் கீழ் மீட்பு முயற்சி தோற்றால் அந்தப் பிரிவு ஒரு படி தாழ்கிறது. ஏற்கெனவே கடைசிப் படியில் இருந்தால் ஆள் இழப்பு. கமிஸார்களின் கூட்டுத் தலைமையை சோவியத் அரசு 1942 அக்டோபர் 9இல் ஒழித்தது. அதனால்தான் அதற்குப் பிந்தைய காலத்துச் சினாரியோக்களில் கமிஸாரை எடுக்க விதி அனுமதிப்பதில்லை. அட்டையில் தேதியைப் பார்க்காமல் கமிஸாரை வைத்தால் மாற்றீட்டுக் கணக்கே தலைகீழாகிவிடும்.

பிரிவு சோதனைக்கு முன் குலையாமல் இருந்ததா? ஏற்கெனவே குலைந்திருந்த பிரிவு இன்னொரு சோதனையில் தோற்றால் ஆள் இழப்புத்தான், தர மாற்றீடு கிடையாது. அதிகம் சறுக்கும் இடங்களில் இது ஒன்று.

எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றது? இங்கே கணக்கில் வருவது திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த இறுதி எண். சுடும் அட்டவணை கொடுத்த +1, +2, தலைவர் தரும் -1 எல்லாம் இதில் அடங்கும். பகடையில் நேரடியாக விழுந்த எண் வேறு வேலைக்கு: அது 2 என்றால் போர்க்களச் சூடு, 12 என்றால் ஆள் இழப்பு. இறுதி எண்ணையும் நேரடி எண்ணையும் குழப்பாமல் இருந்தால் பாதி வாக்குவாதங்கள் எழவே எழா.

"அதிகமாக" என்பதைக் கவனித்தீர்களா? ஈ.எல்.ஆர். 3 என்றால், 3 வித்தியாசத்தில் தோற்பது மாற்றீடு ஆகாது. 4 வேண்டும்.

இதற்கு மேல் ஒரு பார்வை: கவுன்ட்டரில் மன உறுதி எண்ணுக்கு அடிக்கோடு இருக்கிறதா? அத்தகைய உயர்தரப் பிரிவுகளுக்குத் தனி விதி உண்டு, சினாரியோ அட்டையின் ஈ.எல்.ஆர். அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. அடிக்கோடு சிறியது, கண்ணில் படாது. படையை அடுக்கும்போதே அவற்றைத் தனி அடுக்காக வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது எடுத்துக்காட்டு. சோவியத் 4-4-7 ஸ்குவாடு ஒன்று, கூடவே ஒரு 9-1 தலைவர் (மன உறுதி 9, திருத்தம் -1), அட்டையில் ஈ.எல்.ஆர். 3. எதிரி சுட்டதில் +2 சோதனை வந்திருக்கிறது. தலைவர்தான் முதலில் சோதிக்க வேண்டும், தன் திருத்தத்தைத் தனக்கே பயன்படுத்த முடியாது. பகடையில் 6, கூட்டினால் 8. அவர் மன உறுதி 9, தேறிவிட்டார். ஆகவே அவருடைய -1 ஸ்குவாடுக்குக் கிடைக்கும். ஸ்குவாடு உருட்டுகிறது: 5, 5, மொத்தம் 10. அதோடு +2, -1. இறுதி எண் 11. மன உறுதி 7ஐக் கழித்தால் 4. நான்கு மூன்றைவிட அதிகம். ஸ்குவாடு குலைகிறது, 4-4-7 கவுன்ட்டரை எடுத்துவிட்டு 4-2-6 கவுன்ட்டரைக் குலைந்த பக்கம் மேலே இருக்க வைக்க வேண்டும்.

அதே இடத்தில் 12 விழுந்திருந்தால்? இறுதி எண் 13, தோற்ற வித்தியாசம் 6. நேரடி 12 என்பதால் ஆள் இழப்பு, ஸ்குவாடு அரை ஸ்குவாடாகிறது. வித்தியாசம் 3ஐத் தாண்டியதால் அந்த அரை ஸ்குவாடு தரமும் தாழ்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் விதியைப் பாதி மட்டுமே நிறைவேற்றியதாகும். ஏனென்றால் இரண்டும் தனித்தனிக் காரணங்களால் வருகின்றன, ஒன்று மற்றதைத் தடுப்பதாக விதி எங்கும் சொல்லவில்லை. இந்த விளையாட்டில் பழகியவர்கள் பிடித்துக்கொள்ளும் கோட்பாடும் இதுதான்: விதி எதை அனுமதிக்கிறதோ அதில் மட்டும் கவனம் வை, விதி சொல்லாததை நீயாகச் சேர்க்காதே. பொது விதியைச் சிறப்பு விதி மீறும், விதிப்புத்தகத்தைச் சினாரியோ அட்டையின் சிறப்பு விதி மீறும். இந்த வரிசையில் படித்தால் பெரும்பாலான ஐயங்கள் மேசையிலேயே தீர்ந்துவிடும்.

வைத்த புதிய கவுன்ட்டரைத் திருப்பி, குலைந்த நிலை மன உறுதி எண்ணையும் பாருங்கள். இனி மீட்பு முயற்சி அந்த எண்ணில்தான். பழைய கவுன்ட்டரின் எண் மனத்தில் தங்கிவிடுவது இயல்பு. அமெரிக்கப் படையில் இது கூடுதல் கவனம் கேட்கும்: 6-6-6 முன்வரிசை ஸ்குவாடின் மன உறுதி 6தான், குலைந்த பிறகு 8. எளிதில் குலையும், எளிதில் மீளும்.

தலைவர்களும் இந்த விதிக்கு உட்பட்டவர்களே. 9-1 தாழ்ந்தால் 8-1, அதற்குக் கீழே 8-0, 7-0, கடைசியில் 6+1. ஒரு 8-1 தாழ்ந்து 8-0 ஆனால் அவருக்குத் திருத்தம் தரும் திறனே போய்விடுகிறது. ஸ்குவாடு தாழ்வதைவிட இது படைக்கு அதிக இழப்பு.

மூன்றாம் படி: ஒவ்வொரு படைக்கும் ஏணி வரைதல்

விளையாடும் முன் ஒரு தாளில் இரு தரப்புக்கும் தர ஏணியை எழுதிக்கொள்ளுங்கள். வேலை சில நிமிடம்தான். சமநிலையைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள வேறு வேலை எனக்குத் தெரியாது.

ஜெர்மன் வழக்கமான ஏணி: 4-6-8, 4-6-7, 4-4-7, 4-3-6.
சோவியத் துப்பாக்கி வீரர் ஏணி: 4-5-8, 4-4-7, 4-2-6.
சோவியத் சப்மெஷின் துப்பாக்கி ஏணி: 6-2-8, 5-2-7, 4-2-6.
அமெரிக்க ஏணி: 6-6-7, 6-6-6, 5-4-6, 5-3-6.

இதை எழுதியவுடன் ஒன்று கண்ணில் அடிக்கும். ஜெர்மன் முன்வரிசை ஸ்குவாடு (4-6-7) ஒரு படி இறங்கினால் 4-4-7. சுடுதிறன் அதே 4, மன உறுதி அதே 7. போவது இரண்டு அறுகோண வீச்சு மட்டும். சோவியத் முன்வரிசை ஸ்குவாடு (4-4-7) ஒரு படி இறங்கினால் நேராக 4-2-6 என்ற கட்டாய ஆள்சேர்ப்புப் பிரிவு. வீச்சு பாதியாகிறது, மன உறுதி 6 ஆகிறது. அதோடு அனுபவமற்ற படைக்கான தண்டனைகள் எல்லாம் வந்து சேரும்: நகர்வு 4க்குப் பதில் 3, தலைவர் வழிநடத்தாமல் சுடும்போது இரு பகடையும் ஒரே எண்ணாக விழுந்தால் சுடும் அட்டவணையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பத்தி பின்வாங்கல், ஆயுதம் பழுதாகும் வாய்ப்பு கூடுதல்.

அட்டையில் இரு தரப்புக்கும் ஈ.எல்.ஆர். 3 என்று அச்சிட்டிருக்கும். பார்ப்பவர் சமம் என்று நினைப்பார். ஏணியைப் பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார்.

ஏணியின் கடைசிப் படியில் இருப்பவர்களுக்கு இறங்க இடமில்லை. அவர்கள் மீண்டும் அதே அளவில் தோற்றால் சிதறல் நிலைக்குப் போகிறார்கள், அங்கிருந்து சரணடைவது அருகில்தான். ஜப்பானியப் படைக்கு இந்த ஏணியோடு இன்னொன்றும் உண்டு. 1991இல் வந்த கோட் ஆஃப் புஷிடோ தொகுதியின் விதிப்படி ஜப்பானிய ஸ்குவாடு சோதனையில் தோற்றால் குலையாது. ஆள் குறைந்த ஸ்குவாடாக மாறித் தொடர்ந்து நிற்கும், அடுத்த தோல்வியில் அரை ஸ்குவாடாகும். ஐரோப்பியச் சினாரியோக்களில் பழகிய கண்ணோடு பசிபிக் சினாரியோவின் சமநிலையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

நான்காம் படி: இரண்டு எல்லைகளும் கணக்கும்

ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு எல்லைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எல்லை மன உறுதி எண். இறுதி எண் அதைத் தாண்டினால் குலைவு. இரண்டாம் எல்லை மன உறுதியும் ஈ.எல்.ஆர். எண்ணும் சேர்ந்த தொகை. அதைத் தாண்டினால் மாற்றீடு. 4-6-7க்கு ஈ.எல்.ஆர். 3 என்றால் எல்லைகள் 7, 10.

இரு பகடையின் 36 விளைவுகளில் கணக்கிடலாம். மன உறுதி 7 உள்ள பிரிவு, தலைவர் இல்லை. சாதாரணச் சோதனையில் குலையும் வாய்ப்பு 36இல் 15. +1 சோதனையில் 21. +2 சோதனையில் 26.

மாற்றீட்டுக்கு வருவோம். ஈ.எல்.ஆர். 4 என்றால் சாதாரணம், +1, +2 சோதனைகளில் முறையே 36இல் 1, 3, 6. ஈ.எல்.ஆர். 3 என்றால் 3, 6, 10. ஈ.எல்.ஆர். 2 என்றால் 6, 10, 15. ஈ.எல்.ஆர். 1 என்றால் 10, 15, 21.

இந்த எண்கள் சீராக ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். +1 சோதனையில் 4லிருந்து 3க்கு இறங்கினால் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. 36இல் 3 கூடுகிறது. 3லிருந்து 2க்கு இறங்கினால் 4 கூடுகிறது, 2லிருந்து 1க்கு 5. பகடையின் நடு எண்களை நோக்கி எல்லை நகர நகர, ஒவ்வொரு புள்ளிக்கும் விலை ஏறுகிறது. ஆகவே "ஒரு புள்ளி ஈ.எல்.ஆர். கொடுத்தால் சரியாகிவிடும்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எங்கிருந்து எங்கே என்று கேட்க வேண்டும்.

மன உறுதி 6 உள்ள அமெரிக்க 6-6-6க்கு ஈ.எல்.ஆர். 3 என்றால் இரண்டாம் எல்லை 9தான். மாற்றீட்டு வாய்ப்பில் அது ஈ.எல்.ஆர். 2 உள்ள ஜெர்மன் 4-6-7க்குச் சமம். அட்டையில் உள்ள எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது, இரண்டாம் எல்லையைத்தான் ஒப்பிட வேண்டும்.

தலைவரின் பங்கும் இங்கே தெளிவாகத் தெரியும். -1 தலைவர் கூட இருந்தால் அந்த இடத்தில் உள்ள பிரிவுகளுக்கு இரண்டு எல்லைகளும் ஒரு புள்ளி உயர்கின்றன. ஈ.எல்.ஆர். ஒரு புள்ளி கூட்டினால் இரண்டாம் எல்லை மட்டும் உயரும், ஆனால் பலகை முழுக்க. சமநிலைக்காக "ஒரு 9-1 தலைவரைச் சேர்" என்பதும் "ஈ.எல்.ஆர். ஒன்று கூட்டு" என்பதும் முற்றிலும் வேறு மருந்துகள். ஒரே இடத்தில் குவிந்து தாக்கும் படைக்குத் தலைவர் மேல். பலகை முழுக்கச் சிதறி நிற்கும் படைக்கு ஈ.எல்.ஆர். மேல்.

ஒரு முழுப் போட்டிக்குக் கணக்கு விரித்துப் பார்ப்போம். ஒரு தரப்பு 24 முறை +1 சோதனை எடுக்கிறது, எல்லாம் மன உறுதி 7 பிரிவுகள், தலைவர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஈ.எல்.ஆர். 4 என்றால் சராசரியாக 2 மாற்றீடு. 3 என்றால் 4. 2 என்றால் கிட்டத்தட்ட 7. உண்மையான ஆட்டத்தில் சில சோதனைகள் ஏற்கெனவே குலைந்த பிரிவுகள் மேல் விழும், அவை மாற்றீட்டில் முடியாது. ஆகவே இதை மேல்வரம்பு மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் 12 ஸ்குவாடு கொண்ட சோவியத் தாக்குதலில் ஈ.எல்.ஆர். 2க்கும் 3க்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஸ்குவாடுகள் கட்டாய ஆள்சேர்ப்புப் பிரிவாக மாறாமல் தப்புகின்றன. படையில் கால் பங்கு.

ஐந்தாம் படி: வெற்றி நிபந்தனையோடு சேர்த்துப் படித்தல்

மாற்றீடு ஒரு தரப்பை எவ்வளவு பாதிக்கும் என்பது வெற்றி நிபந்தனையைப் பொறுத்தது. பெரும்பாலான மதிப்பீடுகள் இந்த இடத்தைத் தொடாமல் போய்விடுகின்றன. நான் அதிகம் தங்க விரும்புவது இங்கேதான்.

இழப்புப் புள்ளிகளை எண்ணும் சினாரியோவை எடுங்கள். ஒரு ஸ்குவாடு அழிந்தால் எதிரிக்கு 2 புள்ளி, அரை ஸ்குவாடு 1. தரம் இதில் வரவே வராது. 6-2-8 அழிந்தாலும் 4-2-6 அழிந்தாலும் அதே 2. மாற்றீடு நடக்கும்போது எதிரிக்கு ஒரு புள்ளியும் கிடைப்பதில்லை. இத்தகைய சினாரியோவில் ஈ.எல்.ஆர். மாற்றத்தின் விளைவு மறைமுகமானது. தாழ்ந்த பிரிவு அடுத்த முறை எளிதில் குலையும், குலைந்தபின் மேலும் அடிபட்டால் ஆள் குறையும், அப்போதுதான் புள்ளி. குறைந்த சுற்றுகள் உள்ள சினாரியோவில் இந்தச் சங்கிலி முடிவதற்குள் ஆட்டமே முடிந்துவிடலாம்.

பலகையின் மறுகரையைத் தாண்டி வெளியேற வேண்டிய சினாரியோ வேறு. வெளியேறும் புள்ளியிலும் தரம் பார்ப்பதில்லை, ஆனால் நேரம் எல்லாம். 6 சுற்றில் 4 நகர்வுப் புள்ளி உள்ள ஸ்குவாடுக்கு மொத்தம் 24. கட்டாய ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு 18. குலைந்து மீள்வதில் ஓரிரு சுற்று போனால் மிச்சத்தில் எல்லையைத் தொடுவது கடினம். இங்கே சோவியத் தரப்புக்கு ஈ.எல்.ஆர். ஒரு புள்ளி என்பது மிகப் பெரிய உதவி.

கட்டடங்களைப் பிடிக்கும் சினாரியோவில் நெருங்கிச் சண்டை முக்கியம். அதில் சுடுதிறன் விகிதம்தான் பேசும். ஜெர்மன் 4-6-7 தாழ்ந்து 4-4-7 ஆனால் நெருங்கிச் சண்டையில் இழப்பே இல்லை, 4 அப்படியே 4. சோவியத் 6-2-8 தாழ்ந்து 5-2-7, பிறகு 4-2-6 என்றால் ஒவ்வொரு படியிலும் விகிதம் சரிகிறது. ஸ்டாலின்கிராடு தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1942 அக்டோபர் 14இல் டிராக்டர் தொழிற்சாலை மேல் ஜெர்மன் தாக்குதல் தொடங்கியபோது அங்கே நின்றது சோவியத் 37ஆம் காவலர் டிவிஷன். அத்தகைய இடிபாடுகளில் பார்வைத் தூரமே இரண்டு மூன்று அறுகோணம். வீச்சு 6 ஆக இருந்தால் என்ன, 4 ஆக இருந்தால் என்ன? நகரச் சினாரியோவில் ஜெர்மன் முன்வரிசைப் படைக்கு முதல் மாற்றீடு கிட்டத்தட்ட வலியில்லாதது. அதே படை புல்வெளியில் 5, 6 அறுகோணத் தூரத்தில் சுட வேண்டியிருந்தால் கதை மாறும். வழக்கமான வீச்சைத் தாண்டியதால் 4-4-7இன் சுடுதிறன் பாதியாகி 2 ஆகிவிடும். ஒரே கவுன்ட்டர் மாற்றம், ஒரே ஈ.எல்.ஆர்., ஆனால் நிலம் அதன் விலையை மாற்றிவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு சினாரியோவிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஏணியில் முதல் படி இறங்கினால் எது போகிறது? போவது இந்த நிலத்தில் பயன்படும் பொருளா? வெற்றி நிபந்தனை அதைக் கணக்கில் எடுக்கிறதா? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் ஈ.எல்.ஆர். எண் பெரிதா சிறிதா என்று பேச முடியும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1941 கோடைகாலச் சோவியத் படைக்குக் குறைந்த ஈ.எல்.ஆர். கொடுப்பது வடிவமைப்பாளரின் பாரபட்சம் என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது பாரபட்சம் இல்லை. தலைமையும் தொடர்பும் அறுந்த படைகள் அடிபட்டபின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்ற வரலாற்றை அந்த ஒரு எண் தாங்கி நிற்கிறது. நல்ல வடிவமைப்பாளர் அந்தக் குறையை வேறு இடத்தில் ஈடுகட்டுவார்: அதிக ஸ்குவாடு, கூடுதல் சுற்று, எளிய இலக்கு. எண்ணை மட்டும் தனியே எடுத்துக் குறை சொல்வது அவர் உழைப்புக்கு நாம் செய்யும் அநீதி.

ஆறாம் படி: வெற்றிப் பதிவுகளைப் படித்தல்

ரோர் என்ற இணையப் பதிவேட்டில் பல ஆண்டுகளாக விளையாட்டாளர்கள் தங்கள் முடிவுகளைப் பதிந்து வருகிறார்கள். நல்ல வளம். ஆனால் எண்களை அளவறிந்து நம்ப வேண்டும்.

பத்து ஆட்டத்தில் 7-3 என்று இருந்தால் பலர் உடனே சினாரியோ சாய்ந்திருக்கிறது என்பார்கள். முழுக்கச் சமமான சினாரியோவிலும் பத்து ஆட்டத்தில் ஏதாவது ஒரு தரப்பு 7 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம். இருபது ஆட்டத்தில் ஒரு தரப்பு 12 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம். இவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூறு ஆட்டத்தில் 60-40 என்றால்தான் யோசிக்கத் தொடங்கலாம். அந்த அளவு சாய்வு தற்செயலாக வரும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம்.

எண்ணிக்கை போதுமானதாக இருந்தாலும் அது யாருடைய ஆட்டம் என்பது தெரியாது. தாக்கும் தரப்பை நடத்துவது பொதுவாகக் கடினம். புகை, தலைவர்களை வைக்கும் இடம், நேரக் கணக்கு எல்லாம் பிடிபட வேண்டும். புதியவர்கள் அதிகம் ஆடும் சினாரியோவில் தற்காப்புத் தரப்பு பதிவேட்டில் முன்னே நிற்பது சினாரியோவின் குறையாக இருக்க வேண்டியதில்லை. அதோடு, மாற்றீட்டை எல்லோரும் சரியாகச் செய்தார்களா என்பதையும் பதிவேடு சொல்லாது. குலைந்த பிரிவையும் தரம் தாழ்த்தும் தவறு ஒரு மேசையில் நடந்தால், அதிகம் அடிபடும் தரப்புதான் அதில் நஷ்டப்படும்.

ஏழாம் படி: சரிசெய்தல்

சாய்வு உண்மை என்று தோன்றினால் முதலில் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் சமநிலை ஏற்பாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு தரப்பின் அடையாளத்துக்கும் எதிரே ஒரு சலுகை இருக்கும். வடிவமைப்பாளர் யோசித்து வைத்தது, உங்கள் சொந்தத் திருத்தத்துக்கு முன் அதற்கு ஒரு வாய்ப்பு கொடுப்பது முறை.

யாருக்கு எந்தத் தரப்பு என்பதில் இழுபறி என்றால் ஏலம் நல்லது. ஆஸ்திரேலிய சமநிலை முறை என்று அறியப்படும் ஏற்பாட்டில் ஒவ்வொரு தரப்புக்கும் படிப்படியாகக் கூடும் சலுகை மட்டங்கள் இருக்கும். இரண்டு பேருமே ஒரே தரப்பை விரும்பினால், எதிராளிக்கு அதிகச் சலுகை தரத் தயாராக இருப்பவர் அந்தத் தரப்பை எடுத்துக்கொள்கிறார். சினாரியோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இருவரும் நினைக்கிறார்கள் என்பது அந்த ஏலத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

சொந்தத் திருத்தம் செய்வதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஈ.எல்.ஆர். எண்ணைத் தொடுவதற்கு முன் மேலே சொன்ன மூன்று கேள்விகளை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நகரச் சினாரியோவில் ஜெர்மன் தரப்பைக் கொஞ்சம் தளர்த்த ஈ.எல்.ஆர். 3ஐ 2 ஆக்கினால், தாளில் 4 மாற்றீடு 7 ஆகும், பலகையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதே நோக்கத்துக்குச் சோவியத் ஈ.எல்.ஆர். எண்ணை 2லிருந்து 3 ஆக்கினால் ஆட்டமே மாறிப்போகும். இரண்டும் ஒரு புள்ளி மாற்றம்தான். வெளியேறும் சினாரியோவில் ஒரு சுற்றைக் கூட்டுவது சில நேரம் இரண்டையும்விட நேர்மையான தீர்வு, ஏனென்றால் அங்கே இரு தரப்பும் போராடுவது நேரத்தோடு.

ஒரு எச்சரிக்கை. ஈ.எல்.ஆர். எண்ணை 5க்கு உயர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மன உறுதி 7 பிரிவுக்குச் சாதாரணச் சோதனையில் மாற்றீடே நடக்காது, +1 சோதனையில் 36இல் 1தான். சரிசெய்வதாக நினைத்து ஒரு விதியையே ஆட்டத்திலிருந்து அகற்றிவிடுவீர்கள்.

எட்டாம் படி: மேசையில் நடைமுறை

ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியோடு சேர்ந்து அட்டையை உரக்கப் படியுங்கள். ஒரே தரப்பில் வேறு வேறு குழுக்களுக்கு வேறு ஈ.எல்.ஆர். கொடுத்திருக்கலாம். அப்படியானால் எந்த கவுன்ட்டர் எந்தக் குழு என்பதைப் பிரித்தறிய வழி செய்துகொள்ளுங்கள். கவுன்ட்டரில் உள்ள அடையாள எழுத்துகளைக் குறித்துவைப்பது எளிய வழி. மாற்றீட்டுக்குப் பின் வைக்கும் புதிய கவுன்ட்டரும் அதே குழுவின் ஈ.எல்.ஆர். எண்ணையே சுமக்கும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

தாழ்ந்த தரக் கவுன்ட்டர்களை முன்கூட்டியே எடுத்து ஒரு தட்டில் வைத்திருங்கள். பெட்டியில் தேடும் அவசரத்தில்தான் தவறான கவுன்ட்டர் பலகைக்கு வருகிறது. சோதனை உருட்டும்போது நேரடி எண், திருத்தம், இறுதி எண், வித்தியாசம் என்ற வரிசையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "பத்து, கூட்டல் இரண்டு, கழித்தல் ஒன்று, பதினொன்று, நான்கு வித்தியாசம், மாற்றீடு." எதிராளிக்கும் கணக்கு தெரியும், சந்தேகம் அங்கேயே தீரும்.

விதியில் ஐயம் வந்தால் புத்தகத்தைத் திறவுங்கள். 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் சொல்லடைவு விரிவானது, மாற்றீடு என்ற தலைப்பின் கீழேயே தொடர்புடைய பத்திகளின் எண்கள் கிடைக்கும். சில நிமிடத்தில் விடை கிடைக்கவில்லை என்றால் அந்த ஒரு முறைக்குப் பகடையால் முடிவுசெய்து, கேள்வியை எழுதிவைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

ஆட்டம் முடிந்ததும், யார் வென்றார் என்பதோடு நான்கு விவரம் குறித்துவையுங்கள்: ஒவ்வொரு தரப்பிலும் எத்தனை மாற்றீடு நடந்தது, எந்தச் சுற்றில், அந்தப் பிரிவுகளில் எத்தனை மீண்டு வந்து மறுபடி சண்டையிட்டன, எந்தத் தலைவர்கள் தாழ்ந்தார்கள். பிறகு தரப்பை மாற்றிக்கொண்டு அதே சினாரியோவை அதே எதிராளியோடு இன்னொரு முறை ஆடுங்கள். இரண்டு ஆட்டத்திலும் ஒரே தரப்பின் மாற்றீடுகள் முதல் மூன்று சுற்றிலேயே குவிந்து, அந்தப் பிரிவுகள் பிறகு எழவே இல்லை என்றால், ஏழாம் படிக்குப் போய் எதை மாற்றலாம் என்று இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கலாம்.